கவர் அஞ்சு லட்சம், கையால போனது ஒரு லட்சம்

வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஒரு வாசகிக்கு டெங்கு பில்லப் பத்தி நாலு வரி எழுதினனான், அதுக்குப் பிறகு வந்த கடிதம், வட்ஸ்அப் வொய்ஸ் எல்லாமே ஆஸ்பத்திரிக் காசும் இன்சூரன்சும்தான். நான் இருபத்திரண்டு வருசம் பிரைவேட் ஆஸ்பத்திரி பில் கவுண்டரில இருந்தவள். கண்ணாடிக்கு அங்கால நிண்டு பில்லப் பாத்துட்டு சத்தமில்லாம காப்பைக் கழட்டின பொம்பிளையள் எத்தினை பேரைக் கண்டிருக்கிறன். அதால இந்த முறை மற்ற கேள்வியள அடுத்த இதழுக்குத் தள்ளிப்போட்டு இதையே எழுதுறன்.

*

*அக்கா, என்ர மனுசனுக்கு வைகாசியில திடீரெண்டு வயித்துக்குத்து, அப்பெண்டிக்ஸ் எண்டு சொல்லி பிரைவேட்டில ஒப்பரேசன் செய்தது. எங்கட பொலிசியில 5 லட்சம் கவர் எண்டு கொட்டை எழுத்தில கிடக்கு. பில் 285,000 தான் வந்தது, அப்ப முழுக்கக் குடுக்கோணும்தானே, அவை 185,400 தான் போட்டிருக்கினம். மிச்சத்துக்கு தாலிக்கொடிய அடகு வச்சனான். எங்கள ஏமாத்திப் போட்டினமா? பில்லும் பொலிசியும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறன்.*
பாலையூற்று வாசகி

தங்கச்சி, மனுசன் எழும்பி நடந்து திரியிறார் எண்டு எழுதியிருந்தீங்கள், அதுவே பெரிய நிம்மதி. நீங்க அனுப்பின ரெண்டு போட்டோவையும் பக்கத்தில பக்கத்தில வச்சு ஒரு பின்னேரம் முழுக்க இருந்து பாத்தனான்.

முதலாவது, அந்த 5 லட்சம் எண்டது ஒரு வருசத்துக்கு அவை குடுக்கக்கூடிய ஆகக்கூடின தொகை மட்டுந்தான். ஒரு நாள் ரூமுக்கு எவ்வளவு, ஒரு ஒப்பரேசனுக்கு எவ்வளவு எண்டது வேற கணக்கு, அது முன்பக்கத்தில இருக்காது, உங்கட பொலிசியில எட்டாம் பக்கத்தில சின்ன எழுத்தில கிடக்கு. அதைத்தான் சப் லிமிட் எண்டு சொல்லுறது. ஏஜென்ட்மார் முன்பக்கத்தக் காட்டி விப்பினம், கிளெய்ம் பாக்கிறவை எட்டாம் பக்கத்த வச்சு வெட்டுவினம்.

உங்கட பில்லில ரூம் ஒரு இரவுக்கு 18,000, மூண்டு இரவு 54,000. பொலிசி ஒரு நாள் ரூமுக்குக் குடுக்கிறது 10,000. அப்ப 24,000 அங்கயே போச்சு. ஏசி ரூம்தான் இருக்கு எண்டு அட்மிஷனில சொன்னவை எண்டு எழுதியிருக்கிறீங்கள், உண்மையா இருக்கலாம், ஆனா அந்த நேரம் "என்ர லிமிட் பத்தாயிரம், அதுக்குள்ள ரூம் இல்லையோ, ஷெயாரிங் எண்டாலும் பரவாயில்ல" எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தா கனதரம் கிடைக்கும், நான் அந்தக் கதிரையில இருந்தனான், எனக்குத் தெரியும். கேக்காத ஆளுக்கு முதல்ல விலை கூடின ரூமத்தான் குடுப்பம், அப்பிடித்தான் எங்களுக்கும் மேல இருந்து சொல்லி வச்சிருந்தவை.

பிறகு சேர்ஜனுக்கு 90,000, மயக்க டொக்டருக்கு 30,000, தியேட்டருக்கு 45,000, மூண்டும் சேத்து 165,000. அவை இதுக்கு 125,000 தான் லிமிட் எண்டு 40,000 வெட்டியிருக்கினம். இத ஒருக்கா மனசில வச்சிருங்கோ, திரும்ப வாறன்.

மருந்தும் சாமானும் 38,000, அதில கையுறை, பெட் ஷீட், தேர்மோமீட்டர் எண்டு 6,000 ரூபாக்கு மருந்தல்லாத சாமான், அதுக்கு இன்சூரன்ஸ் குடுக்காது. பிளட் டெஸ்ட், ஸ்கேன் 19,000, அது முழுக்க வந்திருக்கு. சேர்விஸ் சார்ஜ், சாப்பாடு 9,000, அது சதமும் வராது. இவ்வளவும் வெட்டின பிறகு மிஞ்சினது 206,000. அதுக்குப் பிறகுதான் கோ-பேமென்ட், உங்கட பொலிசியில 10 வீதம், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலயும் பத்தில ஒரு பங்கு நீங்கதான் கட்டோணும் எண்டு எடுக்கேக்கயே ஒத்துக்கொண்ட விசயம். அது 20,600. கழிச்சா 185,400. அவையின்ர கூட்டல் கழித்தல் சரி.

ஆனா அந்த 40,000 எனக்குச் சரியாப் படேல்ல. எட்டாம் பக்கத்த விரலால வரி வரியாத் தடவிப் பாருங்கோ. 125,000 லிமிட் எண்டு எழுதியிருக்கிறது "சத்திரசிகிச்சை நிபுணர், மயக்கமருந்து நிபுணர் கட்டணம்" எண்ட வரிக்கு நேர. தியேட்டர் கட்டணத்துக்கு அதுக்குக் கீழ தனி வரி ஒண்டு கிடக்கு, அதில "உண்மையான செலவு" எண்டு போட்டிருக்கு. அப்ப ரெண்டு டொக்டர்மாருக்கும் சேத்து 120,000, அது லிமிட்டுக்குள்ளயே வந்திட்டுது. தியேட்டர் 45,000 முழுக்க வரோணும். அவை மூண்டையும் ஒரு சாக்குக்குள்ள போட்டு வெட்டியிருக்கினம். இது வேணுமெண்டு செய்ததோ கவனக்குறைவோ, எதெண்டாலும் உங்கட காசு. கோ-பேமென்ட் பத்து வீதம் போக 36,000 உங்களுக்கு இன்னும் வரோணும்.

போனில கதைச்சு நேரத்த வீணாக்க வேண்டாம். கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ, தமிழில எழுதினாலும் காணும். பொலிசி நம்பர், கிளெய்ம் நம்பர், எட்டாம் பக்கத்தில எந்த வரி எண்டு குறிச்சு, "தியேட்டர் கட்டணம் ஏன் இந்த லிமிட்டுக்குள்ள சேர்க்கப்பட்டது, எழுத்தில பதில் தாங்கோ" எண்டு கேளுங்கோ. பதிவுத் தபாலில போட்டு துண்ட பத்திரமா வையுங்கோ. அவை மாட்டம் எண்டாலோ பதிலே இல்லையெண்டாலோ கொழும்பில காப்புறுதி ஒம்புட்ஸ்மன் எண்டு ஒருத்தர் இருக்கிறார், முறைப்பாட்டுக்கு உங்களிட்ட காசு வாங்க மாட்டினம், ஆனா முதல்ல கம்பனிக்கு எழுதினதுக்கு ஆதாரம் கேப்பினம், அதாலதான் அந்தத் துண்டு முக்கியம். இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம், 2000ம் ஆண்டின்ர 43ம் இலக்கச் சட்டத்தின்படி இந்தக் கம்பனியள் எல்லாம் அதுக்குக் கீழதான். என்ன பதில் வந்தது எண்டு எனக்கும் எழுதுங்கோ தங்கச்சி, நான் பாத்துக்கொண்டிருப்பன்.

*

*எனக்கு அஞ்சு வருசமா சீனி வருத்தம். இப்ப ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கப்போறன். சீனி இருக்கெண்டு போட்டா பிரீமியம் கூடும், போடாம விடுங்கோ அண்ணை, டெஸ்ட் ஒண்டும் எடுக்க மாட்டினம் எண்டு ஏஜென்ட் தம்பி சொல்லுறார். என்ன செய்யலாம்?*
அலஸ்தோட்டம் வாசகர்

அண்ணை, போடாம விடாதேங்கோ. எங்கட வீட்டில நடந்தத சொல்லுறன், இத நான் இதுவரைக்கும் எங்கயும் எழுதினதில்ல.

அப்ப நானே பில் கவுண்டரில வேலை, நாலு பேருக்குப் புத்தி சொல்லுறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஏஜென்ட் பொடியன் வந்து எங்கட விறாந்தையில இருந்து பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு போர்ம் நிரப்பினவர். நல்ல பொடியன், சொந்தக்காரப் பிள்ளை மாதிரி. நான் குசினியில. மனுசன்ர சீனிக் குளிசை, மெட்ஃபோமின் காட், பிரிட்ஜுக்கு மேல, கிளினிக் கொப்பி அதுக்குப் பக்கத்தில, வீட்டுக்குள்ள வாற ஆருக்கும் தெரியும். போர்மில வருத்தங்கள் எண்டு ஒரு பக்கம், இருபது பெட்டி, "இல்லை" எண்ட பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே இழுவையா சரி சரி எண்டு போட்டுக்கொண்டு போனவர். மனுசன் "தம்பி எனக்குச் சீனி இருக்கு" எண்டு சொன்னவர்தான், எனக்குக் குசினிக்குக் கேட்டது. "அது சும்மா போர்மாலிட்டி அங்கிள்" எண்டு சொல்லிக் கையெழுத்து வாங்கினவர். நானும் வெளிய வந்து வாசிக்கேல்ல.

மூண்டு வருசம் ஒரு மாசமும் தவறாம கட்டினம். பிறகு மனுசன்ர காலில புண், பத்து நாள் ஆஸ்பத்திரி. கிளெய்ம் போட்டா ஒரு பக்கக் கடிதம் வந்தது, உண்மைய வெளிப்படுத்தாததால கிளெய்ம் நிராகரிக்கப்படுது எண்டு. அவையள் ஆஸ்பத்திரியில இருந்து கிளினிக் பதிவ எடுத்துப் பாத்திருக்கினம், அதில வருசக்கணக்கா சீனி எண்டு கிடக்கு. கேக்கப் போனா ஏஜென்ட் வேலைய விட்டுட்டு வெளிநாடு போட்டார். போர்மில கிடக்கிற கையெழுத்து என்ர மனுசன்ர. அதுக்கு மேல என்னத்தக் கதைக்கிறது.

அதால அண்ணை, உள்ளத உள்ளபடி போடுங்கோ. பிரீமியம் கொஞ்சம் கூடும், இல்லாட்டி சீனியால வாற வருத்தங்களுக்கு இத்தின வருசம் பொறுக்கோணும் எண்டு ஒரு வெயிட்டிங் பீரியட் போடுவினம், அது கம்பனிக்குக் கம்பனி மாறும். ரெண்டு மூண்டு இடத்தில கேளுங்கோ. போர்ம உங்கட கையால நிரப்புங்கோ, இங்கிலீசில எண்டா தமிழில தாங்கோ எண்டு கேளுங்கோ, நிரப்பினத ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து வையுங்கோ. ஆயுள் காப்புறுதியோட சேத்து எடுக்கிற பொலிசி எண்டா, பொலிசி கையில கிடைச்சு 21 நாளுக்குள்ள வாசிச்சுப் பாத்து வேண்டாம் எண்டு திருப்பிக் குடுக்கலாம், அத ஏஜென்ட்மார் பெரிசா சொல்ல மாட்டினம். அந்த 21 நாளில ஒரு நாளாவது கண்ணாடியப் போட்டுக்கொண்டு இருந்து வாசியுங்கோ.

*

*மகள் அமெரிக்காவில, தை மாசம் குழந்தை கிடைக்க இருக்கு. நான் பத்தியம் பாக்க கார்த்திகையில போறன். போனில கதைக்கேக்க டிடக்டிபிள் இன்னும் முடியேல்ல அம்மா, கோ-இன்சூரன்ஸ் இருபது வீதம், அவுட் ஒஃப் பொக்கட் ஆறாயிரம் எண்டு என்னவோ சொல்லுறாள், குரலில ஒரு பயம் இருக்கு. மாசம் மாசம் இன்சூரன்ஸ் கட்டுற பிள்ளை ஏன் பிறகும் காசு கட்டோணும்? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ.*
உப்புவெளி வாசகி

அம்மா, இதில உங்களுக்கு மட்டுமில்ல, அங்க பிறந்து வளந்த சனத்துக்கே தலை சுத்தும். எங்கட பெரியாஸ்பத்திரியில பிள்ளப்பேறு எண்டா துண்டக் குடுத்து வார்ட்டுக்குப் போறதுதான், பில் எண்ட சொல்லே இல்ல. அங்க அப்பிடி இல்ல. சொல்லுகள ஒண்டொண்டாப் பாப்பம்.

மாசம் மாசம் கட்டுறது பிரீமியம். அது கட்டினா நீங்க அந்தப் பொலிசிக்குள்ள இருக்கிறீங்கள் எண்டது மட்டுந்தான். டிடக்டிபிள் எண்டது அந்த வருசத்தில முதல்ல வாற செலவு, இவ்வளவு வரைக்கும் முழுக்க மகள்தான் கட்டோணும், அதுக்குப் பிறகுதான் கம்பனி காசு போடத் தொடங்கும். கோ-இன்சூரன்ஸ் எண்டது டிடக்டிபிள் முடிஞ்ச பிறகு வாற பில்லுகளப் பங்கு பிரிக்கிறது, 20 வீதம் மகள், 80 வீதம் கம்பனி. கோ-பே எண்டு இன்னொண்டு, மேல சொன்ன கோ-பேமென்ட் மாதிரி வீதமில்ல, அது டொக்டரிட்டப் போற ஒவ்வொரு முறையும் வாசலில கட்டுற ஒரு நிலையான காசு, 30 டொலர், 40 டொலர் அப்பிடி. கடைசியா அவுட் ஒஃப் பொக்கட் மக்சிமம், இதுதான் அம்மா நீங்க பிடிச்சுக்கொள்ள வேண்டிய சொல்லு. அந்த வருசத்தில மகள்ர கையால போகக்கூடிய ஆகக்கூடின காசு அது. அது முட்டினா பிறகு பொலிசிக்குள்ள அடங்குற வைத்தியத்துக்கு அந்த வருசம் முழுக்கக் கம்பனிதான் கட்டோணும். பிரீமியம் இந்தக் கணக்கில சேராது.

டிடக்டிபிள் 2,000 டொலர் எண்டு வைப்பம், பிள்ளப்பேறுக்குக் கம்பனி ஒத்துக்கொண்ட விலை 20,000 டொலர் எண்டும் வைப்பம். முதல் 2,000 மகள். மிச்சம் 18,000ல 20 வீதம் 3,600. ரெண்டும் சேத்து 5,600. மகள் சொன்ன ஆறாயிரம் எல்லைக்கு இன்னும் 400 தான் மிச்சம். அப்ப அந்த வருசம் அவளுக்குப் பிறகு என்ன வந்தாலும் அந்த 400ஓட நிக்கும். இந்த எல்லைய கம்பனியள் தங்கட விருப்பத்துக்குக் கூட்டவும் ஏலாது, 2010ல வந்த சட்டத்தின்படி அரசாங்கம் வருசா வருசம் உச்சம் ஒண்டு போடுது, 2025ல அது தனி ஆளுக்கு 9,200 டொலரும் குடும்பத்துக்கு 18,400ம் ஆ இருந்தது.

இப்ப நீங்க மகளிட்ட கேக்க வேண்டிய முக்கியமான கேள்வி. குழந்தை தையில. கன பொலிசியில வருசம் ஜனவரி முதலாம் திகதி புதுசாத் தொடங்கும், டிடக்டிபிளும் திரும்பப் பூச்சியத்தில இருந்து தொடங்கும். அப்ப இந்த வருசம் ஸ்கேனுக்கும் டெஸ்டுக்கும் கட்டின டிடக்டிபிள் தையில வாற ஆஸ்பத்திரி பில்லுக்கு உதவாது. மகள்ர பயம் அதுதானோ தெரியாது. சில வேலைத்தலப் பொலிசி வேற மாசத்தில தொடங்கும், அதால "உன்ர பிளான் வருசம் எப்ப தொடங்குது பிள்ளை" எண்டு கேளுங்கோ. ரெண்டாவது, பிறந்த குழந்தை தனி ஆள், தனிப் பில் வரும். வேலைத்தலப் பொலிசி எண்டா பிறந்து 30 நாளுக்குள்ள குழந்தையின்ர பேரச் சேக்கோணும், அந்த நித்திரை இல்லாத நாளில மறந்துபோற விசயம் இது. நீங்க அங்க நிக்கப்போற ஆள், நீங்க நினைப்பூட்டுங்கோ, காயச்சரக்குக் கட்டிக்கொண்டு போறத விட இது பெரிய உதவி.

நெட்வேர்க் எண்டு ஒரு சொல்லு சொல்லுவாள். கம்பனியோட விலை பேசி வச்சிருக்கிற ஆஸ்பத்திரி, டொக்டர்மார் நெட்வேர்க்குக்குள்ள. வெளிய போனா செலவு கனக்க. முந்தி என்ன நடந்ததெண்டா ஆஸ்பத்திரி நெட்வேர்க்குக்குள்ள இருக்கும், ஆனா முதுகில ஊசி போட வாற மயக்க டொக்டர் வெளி ஆளா இருப்பார், பிறகு அவர்ர பெரிய பில் தனியா வீடு தேடி வரும். 2022 ஜனவரியில இருந்து அத அமெரிக்கச் சட்டம் தடுத்திருக்கு. அப்பிடி ஒரு பில் வந்தா கட்டாம முதல்ல கம்பனிக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கோ. இன்னொண்டு, "இது பில் அல்ல" எண்டு எழுதின ஒரு கடிதம் கம்பனியில இருந்து வரும், அதில ஆஸ்பத்திரி கேட்டது எவ்வளவு, கம்பனி ஒத்துக்கொண்டது எவ்வளவு, மகள்ர பங்கு எவ்வளவு எண்டு மூண்டு தொகை இருக்கும். முதலாவதப் பாத்துப் பயப்பட வேண்டாம், அது கேக்கிற விலை, மூண்டாவதுதான் மகளுக்கு. பிறகு ஆஸ்பத்திரி பில் வரேக்க அந்த மூண்டாவது தொகையோட ஒத்துப்போகுதோ எண்டு பாத்திட்டுக் கட்டோணும்.

உங்களப் பத்தி நீங்க ஒண்டும் கேக்கேல்ல, தாய்மார் அப்பிடித்தான். மகள்ர பொலிசி உங்களுக்குச் செல்லாது அம்மா. விசிட்டேர்ஸ் இன்சூரன்ஸ் தனியா எடுக்கோணும், அதிலயும் பழைய வருத்தங்களுக்குப் பெரும்பாலும் குடுக்காயினம், திடீரெண்டு முத்தினா மட்டும் குடுக்கிறம் எண்டு எழுதியிருக்கும், அந்த வரிய மகள வாசிக்கச் சொல்லுங்கோ. பிறஷர் குளிசை நிக்கிற காலம் முழுக்கக் காணுமான அளவு கொண்டு போங்கோ, டொக்டர்ர துண்டோட. ஏதும் அவசரமெண்டா எமெர்ஜென்சிக்குப் போறதுக்குத் தயங்க வேண்டாம், காசில்லை, இன்சூரன்ஸ் இல்லை எண்டு அங்க அவசர நோயாளியத் திருப்பி அனுப்ப ஏலாது, 1986ல இருந்து சட்டம் இருக்கு. ஆனா பில் பிறகு வரும், அதுதான் முதல்லயே இன்சூரன்ஸ் எடுங்கோ எண்டு சொல்லுறன்.

*

*எங்கட உம்மாக்கு இருதயத்தில அடைப்பு, ஒப்பரேசன் செய்யோணுமாம். பிரைவேட்டில கேட்டதுக்கு முன்காசு மட்டுமே எங்களால நினைக்க ஏலாத தொகை. இன்சூரன்ஸ் ஒண்டும் இல்ல, நான் கடலுக்குப் போறவன். இப்ப இன்சூரன்ஸ் எடுத்தா இதுக்குக் காசு வருமா?*
மூதூர் வாசகர்

தம்பி, வராது. வருத்தம் கண்ட பிறகு எடுக்கிற பொலிசி அந்த வருத்தத்துக்குக் குடுக்காது, எடுத்துத் தாறன் எண்டு ஆரும் சொன்னா அவையிட்டக் காசு குடுக்க வேண்டாம்.

வலைய வித்து படக வித்து பிரைவேட்டுக்கு ஓட முதல் நான் சொல்லுறதக் கேளுங்கோ. உம்மாவ திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை இருதய கிளினிக்கில காட்டி கொப்பி ஒண்டு போடுங்கோ. அங்க இருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ எழுதிக் குடுப்பினம். கவர்மென்ட் ஆஸ்பத்திரியில பைபாஸ் ஒப்பரேசனும் இலவசந்தான், பிரைவேட்டில வெட்டுற அதே சேர்ஜன்மார்தான் கனபேர் பகலில அங்க வெட்டுறது. ஒரே பிரச்சினை வரிசை. அதால கிளினிக் திகதி ஒண்டையும் தவறவிடாதேங்கோ, உம்மாக்கு மூச்சு வாங்கிறது கூடுது, படுக்க ஏலாம இருக்கு எண்டா அடுத்த திகதி வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காம உடன கொண்டு போங்கோ, அவசரம் எண்டு டொக்டர் எழுதினா வரிசை மாறும். நெஞ்சு நோவு வந்தா 1990க்கு அடியுங்கோ, அந்த அம்புலன்சுக்குக் காசு கட்டத் தேவையில்ல. முந்தி மாதிரி லோஞ்சப் பாத்துக்கொண்டு ஜெட்டியில நிக்கத் தேவையில்ல, இப்ப கிண்ணியாப் பாலத்தால வரலாம்.

அதோட ஜனாதிபதி நிதியம் எண்டு ஒண்டு இருக்கு, இருதய ஒப்பரேசனுக்கு உதவி குடுக்கினம், குடும்ப வருமானம் பாப்பினம். முந்தி அதுக்குக் கொழும்புக்கு அலையோணும், 2025 மாசியில இருந்து உங்கட பிரதேச செயலகத்திலயே விண்ணப்பம் குடுக்கலாம். மூதூர் பிரதேச செயலகத்துக்கு கிளினிக் கொப்பி, டொக்டர்ர கடிதம், அடையாள அட்டைக் கொப்பி எல்லாம் கொண்டு போங்கோ. ஒப்பரேசனுக்கு முதல் குடுங்கோ, முடிஞ்ச பிறகு எண்டு விட வேண்டாம். வெளியில மருந்தோ டெஸ்டோ எடுக்கச் சொன்னா ஒவ்வொரு பில்லையும் ஒரு கவரில போட்டு வையுங்கோ. மருந்த முடிஞ்சா ஒசுசலவில, அதுதான் அரசாங்க மருந்துக்கடையில, கேட்டுப் பாருங்கோ. இன்னொண்டு, பிரைவேட்டுக்குக் கொண்டு போகேல்ல எண்டு சொந்தக்காரர் கதைச்சா அதக் காதில விழுத்தாதேங்கோ. உம்மாவ நல்ல இடத்திலதான் காட்டுறீங்கள்.

*

*நான் ஆசிரியை. சம்பளத்தில அக்ரஹாரக்கு, அதுதான் அரசாங்க ஊழியர்ர காப்புறுதிக்கு, வெட்டுறாங்கள். போன மாசம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில நாலு நாள் இருந்தனான், காசு ஒண்டும் செலவில்ல. அப்ப கிளெய்ம் பண்ண ஒண்டும் இல்லத்தானே?*
தம்பலகாமம் வாசகி

இருக்கு ரீச்சர். காசு செலவழிஞ்சாத்தான் கிளெய்ம் எண்டு கனபேர் நினைச்சுக்கொண்டிருக்கினம். கவர்மென்ட் ஆஸ்பத்திரியில தங்கினா ஒரு நாளுக்கு இவ்வளவு எண்டு அக்ரஹார குடுக்குது, கன பிரைவேட் பொலிசியிலயும் அப்பிடி ஒரு வரி கிடக்கு. துண்டு வெட்டி வீட்ட வரேக்க குடுத்த டயக்னோசிஸ் கார்ட்தான் அதுக்கு உயிர், அதில அட்மிட் பண்ணின திகதியும் வெட்டின திகதியும் ஆஸ்பத்திரி சீலும் வடிவா விழுந்திருக்கோ எண்டு இப்பவே எடுத்துப் பாருங்கோ. ஒறிஜினலக் குடுக்க முதல் ரெண்டு கொப்பி அடிச்சு வையுங்கோ. போர்ம் வலயக் கல்வி அலுவலகத்தில கேளுங்கோ, காலக்கெடு இருக்கு, இந்தக் கிழமையே போங்கோ. உங்கட ஸ்டாஃப் ரூமிலயும் சொல்லுங்கோ, எத்தின ரீச்சர்மார் தங்கட காசக் கேக்காம விட்டிருப்பினமோ தெரியாது.

*

*காட்டக் காட்டினா காசு கட்டத் தேவையில்ல எண்டுதான் இன்சூரன்ஸ் காட் தந்தவை. ஆனா ஆஸ்பத்திரியில முன்காசு கேட்டவை, துண்டு வெட்டின பிறகும் பின்னேரம் மூண்டு மணியில இருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் விடேல்ல. ஏன்?*
உவர்மலை வாசகர்

சேர், காட் எண்டது நீங்க ஆர் எண்டு காட்டுறது மட்டுந்தான். ஆஸ்பத்திரிக்குத் தேவை இந்த நோயாளிக்கு இவ்வளவு வரைக்கும் நாங்க பொறுப்பு எண்டு கம்பனி அனுப்புற கடிதம். அது வரும்வரைக்கும் முன்காசு கேப்பினம், கடிதம் வந்த பிறகு முன்காசத் திருப்பித் தரோணும், ரசீதக் கையில வச்சிருங்கோ. கடைசி நாள் வாற இழுபாடு ஏனெண்டா, முடிவுப் பில்லக் கம்பனிக்கு அனுப்பி அவை பாத்து எந்தெந்த வரிக்குக் குடுக்கிறம் எண்டு பதில் போட்டாத்தான் வாசல் திறக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் எண்டா சொல்லி வேலையில்ல, நாங்க கவுண்டரில இருந்து போனக் காதில வச்சபடி நிப்பம், மற்றப் பக்கத்தில மணி அடிச்சுக்கொண்டே இருக்கும்.

அடுத்த முறை முதல் நாள் ராத்திரியே வார்ட் மிஸ்ஸியிட்டக் கேளுங்கோ, "நாளைக்கு விடுவினமோ" எண்டு. விடுவினம் எண்டா காலம ஏழு மணிக்கு பில் கவுண்டருக்குப் போய் பில்ல முதல் முடிச்சு அனுப்பச் சொல்லிக் கேளுங்கோ. டொக்டர் பத்து மணிக்கு வந்து கையெழுத்து வைக்கிற வரைக்கும் காத்திருந்தா கம்பனிக்காரர் சாப்பாட்டுக்குப் போற நேரத்திலதான் உங்கட பில் அங்க போய்ச் சேரும். பில்லத் தரேக்க ஒவ்வொரு வரியாப் பிரிச்சு அடிச்ச பில்லக் கேளுங்கோ, மொத்தத் தொகை மட்டும் கிடக்கிற துண்ட வாங்கிக்கொண்டு வர வேண்டாம், பாலையூற்றுத் தங்கச்சியின்ர 36,000 ரூபாவ நான் கண்டுபிடிச்சது அந்த வரிகளுக்குள்ளதான்.